கழற்றுவது எளிது, பூட்டுவதுதான் வேலை: ஹெட் ரிப்பேருக்குப் பிறகு கார் எஞ்சினை வீட்டில் சேர்ப்பது எப்படி?

வாப்பாவின் பழைய மாருதி 800 மூன்று வாரமாக வீட்டு முற்றத்தில் பானெட் திறந்தபடி நின்றது. எஞ்சினின் மேல் பாதியான 'ஹெட்' மட்டும் ராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போயிருந்தது. அது செய்தித்தாள் சுற்றிய பொட்டலமாகத் திரும்பி வந்த அன்று, வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "நாளைக்கு வண்டி ஓடுமா?"

கழற்றுவதற்கு எனக்கும் காக்காவுக்கும் ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அதே வேகத்தில் பூட்டிவிடலாம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். கார் கையேடுகளும் ஏறத்தாழ அப்படித்தான் சொல்கின்றன: "கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் பொருத்தவும்." ஒரே வரியில் முடிந்துவிடும் இந்த வாக்கியத்தை நம்பி எஞ்சினைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். கழற்றும்போது செய்யும் தவறு பெரும்பாலும் அங்கேயே கண்ணில் படும். பூட்டும்போது செய்யும் தவறு உள்ளே மறைந்துகொள்ளும். சாவியைத் திருப்பிய பிறகோ, நடுவழியில் குடும்பத்தோடு போகும்போதோதான் அது வெளியே வரும்.

எந்த இடத்தில் அவசரப்படலாம், எந்த இடத்தில் கூடவே கூடாது என்பதை மாருதி 800 காரை வைத்தே இந்தக் கட்டுரை விளக்குகிறது. 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரான கார் இது. கார்புரேட்டர் வைத்த அதன் பழைய மாடலில் 796 சிசி, மூன்று சிலிண்டர், பற்கள் கொண்ட டைமிங் பெல்ட் உள்ள எளிய எஞ்சின் இருக்கிறது. வீட்டில் வேலை கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடைப்பது கடினம்.

முதலில்: ஹெட் ஏன் போனது?

ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். ஒரே தகடு மூன்று வேலை செய்கிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவை வெளியே விடாமல் அடைக்கிறது. ஆயில் போகும் துளைகளையும் தண்ணீர் போகும் துளைகளையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்கிறது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினிய ஹெட் வளைந்துவிடுகிறது. ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதுதான் இதற்குக் காரணம். ஹெட் வளைந்தால் கேஸ்கட்டின் பிடி தளரும். தண்ணீர் ஆயிலில் கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த தேநீர் நிறத்தில் குழம்பு படிந்திருந்தால் அதுவே அறிகுறி.

எங்கள் வண்டியில் கேஸ்கட் போனது. பட்டறையில் ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக இழைத்து, வால்வுகளையும் தேய்த்துக் கொடுத்தார்கள். ஆனால் வண்டி ஏன் சூடானது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது பாதிக் குழாய்கள் உப்புப் படிந்து அடைபட்டிருந்தன. கடலோர ஊரின் போர் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றி வந்ததன் விளைவு அது. அதைச் சரிசெய்யாமல் ஹெட்டை மட்டும் பூட்டியிருந்தால் சில மாதங்களில் இதே கேஸ்கட் மறுபடியும் போயிருக்கும்.

ஆகவே பூட்டத் தொடங்கும் முன் நான்கைச் சரிபாருங்கள்: ரேடியேட்டர், ரேடியேட்டர் விசிறி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்படியே போதும். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். சூடேறும்போது வால்வு திறக்க வேண்டும், ஆறும்போது மூட வேண்டும். திறக்காவிட்டால் மாற்றிவிடுங்கள். அந்தப் பாத்திரத்தை மட்டும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

வீட்டில் செய்யலாமா?

மாருதி 800, ஆம்னி போன்ற பழைய எளிய எஞ்சின்களை, ஏற்கெனவே ஆயில் மாற்றி, பிளக் மாற்றி, கார்புரேட்டர் கழற்றிப் பழகிய ஒருவர், பொறுமை இருந்தால் பூட்டலாம். புதிய மாடல்கள் பலவற்றில் நிலைமை வேறு. சிலவற்றில் ஹெட் போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் மீண்டும் போடக் கூடாது. புது போல்ட் வாங்கி, அளவான விசை கொடுத்த பிறகு இத்தனை டிகிரி என்று திருப்ப வேண்டும். டைமிங் செயினும் தானாக மாறும் வால்வு டைமிங்கும் இருந்தால் தனிக் கருவிகள் தேவைப்படும். அத்தகைய வண்டியை மெக்கானிக்கிடம் விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த வண்டியாக இருந்தாலும் மூன்று பொருள்கள் இல்லாமல் தொடங்காதீர்கள். உங்கள் மாடலுக்கு உரிய சர்வீஸ் கையேடு, போல்ட்டை எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஆகியவையே அவை. டார்க் ரெஞ்ச் விலை அதிகம் என்றால் ஒருநாள் இரவல் வாங்குங்கள். "கைக்கணக்கிலேயே தெரியும்" என்பது இருபது ஆண்டு அனுபவம் உள்ள மெக்கானிக் சொல்ல வேண்டிய வார்த்தை. நாம் சொல்லக் கூடாது.

பட்டறையிலிருந்து வந்ததை அப்படியே நம்பாதீர்கள்

ஹெட் வந்ததும் இரண்டு சோதனைகள் செய்யலாம்.

ஒன்று, சமதளம். நேரான விளிம்புள்ள இரும்புப் பட்டையை ஹெட்டின் அடிப்பரப்பில் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வையுங்கள். பட்டைக்கும் ஹெட்டுக்கும் இடையே ஃபீலர் கேஜின் 0.05 மி.மீ. தகடு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் மறுபடி இழைக்க வேண்டும். தலைமுடியின் தடிமன் அளவு பள்ளம்கூட கேஸ்கட்டுக்கு அதிகம். பிளாக்கின் மேற்பரப்பையும் இதேபோல் சோதியுங்கள்.

இரண்டு, வால்வுக் கசிவு. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, பிளக்குகளைப் போட்டு, ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். வால்வு வழியாக ஒழுகிக் காற்றுப் பாதையில் ஈரம் தெரிந்தால் அந்த வால்வு சரியாக உட்காரவில்லை. அதைத் திருப்பிக் கொடுப்பதற்கான நேரம் இப்போதுதான். பூட்டிய பிறகு அல்ல.

பிறகு ஹெட்டை நன்றாகக் கழுவுங்கள். தேய்த்த பட்டறையின் மணலும் உலோகத்தூளும் ஆயில் துளைகளில் தங்கியிருக்கும். அவை எஞ்சினுக்குள் போனால் பேரிங்குகளை அரித்துவிடும். துளைகளில் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

வேலையின் பாதி சுத்தம்தான்

பிளாக்கின் மேல் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட் துணுக்குகளைச் சுரண்ட வேண்டும். முதலில் சிலிண்டர்களிலும் ஆயில், தண்ணீர் துளைகளிலும் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். எத்தனை துணி அடைத்தோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டும்போது அதே எண்ணிக்கை வெளியே வந்தாக வேண்டும்.

சுரண்ட பிளாஸ்டிக் சுரண்டியோ மரத்துண்டோ நல்லது. டிரில்லில் உப்புத்தாள் மாட்டித் தேய்த்தால் பளபளப்பாக வரும். ஆனால் பரப்பில் பள்ளம் விழும், உதிரும் தூள் எஞ்சினுக்குள் போகும்.

பலர் மறக்கும் இடம் போல்ட் துளைகள். ஹெட் போல்ட் இறங்கும் துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட்டை முறுக்கும்போது அது வெளியேற வழியில்லாமல் அடைபடும். திரவத்தை அமுக்க முடியாது. டார்க் ரெஞ்ச் "போதும்" என்று காட்டும், ஆனால் ஹெட்டை அழுத்தும் விசை குறைவாகவே இருக்கும். மிஞ்சிப்போனால் பிளாக்கே விரிசல் விடும். ஒரு கம்பியில் துணி சுற்றி ஒவ்வொரு துளையையும் உலர்த்துங்கள். போல்ட்டுகளின் மரையையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, கையாலேயே அடிவரை இறங்குகிறதா என்று பாருங்கள்.

கேஸ்கட் வைப்பது

பழைய கேஸ்கட்டை மறுபடி போடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். புதியதை வாங்கும்போது பழையதோடு வைத்து எல்லாத் துளைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கேஸ்கட்டில் 'டாப்' என்றோ வேறு குறியோ அச்சிட்டிருக்கும்; அது மேல்நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயில் துளை அடைபட்டு, மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் ஏறாமல் போகலாம்.

"இருக்கட்டும், கொஞ்சம் அனபாண்ட் தடவிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஹெட் கேஸ்கட்டுக்கு அது வேண்டாம். கையேடு சொன்னாலொழிய அதை உலர்வாகவே வைக்க வேண்டும். பிதுங்கும் பசை ஆயில் பாதையில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஹெட்டை இறக்கும் முன் ராக்கர்களின் டாப்பெட் ஸ்க்ரூக்களை எல்லாம் நன்றாகத் தளர்த்திவிடுங்கள். தளர்ந்திருந்தால் எந்த வால்வும் திறந்து கீழே நீட்டிக்கொண்டிருக்காது. மேலே வந்து நிற்கும் பிஸ்டனில் வால்வு இடித்து வளையும் ஆபத்தும் இல்லை. ஹெட்டை இரண்டு பேர் பிடித்து, நேராக, ஒரே முறையில் இறக்குங்கள். கேஸ்கட்டின் மேல் வைத்து இழுத்து நகர்த்தக் கூடாது.

எட்டு போல்ட்டுகள், மூன்று சுற்று

இந்த எஞ்சினில் ஹெட் போல்ட்டுகள் இரண்டு வரிசையாக எட்டு. எல்லாவற்றையும் முதலில் விரலால் இறக்கிக்கொள்ளுங்கள். முறுக்கும்போது நடுவில் தொடங்கி, குறுக்குக் குறுக்காக வெளிப்பக்கம் போக வேண்டும். சரியான வரிசை எண் கையேட்டில் படமாகவே இருக்கும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் இருக்கும் சிறு வளைவு அப்படியே சிறைப்படும். கட்டிலில் விரிப்பு விரிக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி விட்டால்தான் சுருக்கம் போகும். இதுவும் அப்படித்தான்.

ஒரே மூச்சில் முழு விசைக்குப் போகாதீர்கள். எட்டையும் மூன்றில் ஒரு பங்கு விசைக்கு, அடுத்து எட்டையும் மூன்றில் இரண்டு பங்குக்கு, கடைசியாக முழு அளவுக்கு. ஒவ்வொரு சுற்றிலும் அதே வரிசை.

இங்கே அலகுக் குழப்பம் பெரிய ஆபத்து. டார்க் ரெஞ்சில் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்கள் இருக்கும். ஒன்று நியூட்டன் மீட்டர், மற்றது பவுண்டு அடி. ஒரு பவுண்டு அடி என்பது சுமார் 1.36 நியூட்டன் மீட்டர். கையேடு 60 நியூட்டன் மீட்டர் என்று சொல்லி, நீங்கள் தவறிப்போய் பவுண்டு அடிப் பக்கத்தில் 60 வைத்தால், உண்மையில் 81 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறீர்கள். போல்ட் இழுபட்டு நீளும், அல்லது மரை உரிந்துவிடும். பழைய கையேடுகளில் கிலோகிராம் மீட்டர் என்றும் இருக்கும், அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர் கிடைக்கும். கணக்கைத் தாளில் போட்டு, இரண்டாவது ஆளிடம் காட்டிவிட்டு முறுக்குங்கள்.

மரையில் ஆயில் தொட வேண்டுமா, உலர்வாக இருக்க வேண்டுமா என்பதையும் கையேட்டில் பாருங்கள். நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது. ஆயில் தொட்டால் உராய்வு குறைந்து, அதே எண்ணுக்குப் போல்ட் அதிகமாக இழுபடும்.

டைமிங்: இரண்டு புள்ளிகளின் கதை

கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். பிஸ்டன் எங்கே இருக்கும்போது எந்த வால்வு திறக்கிறது என்பதைத் தீர்மானிப்பது இந்த உறவுதான். அதைப் பிடித்து வைத்திருப்பது பற்கள் கொண்ட ஒரு ரப்பர் பெல்ட்.

இரண்டு பல்சக்கரங்களிலும் ஒவ்வொரு குறி இருக்கும். அவற்றுக்கு எதிரே எஞ்சினில் நிலையான குறிகள் இருக்கும். இரண்டையும் பொருத்தி வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்ட வேண்டும். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும்; தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தாலோ, பற்களின் அடியில் வெடிப்பு தெரிந்தாலோ புதியது போடுங்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகு பெல்ட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பிறகு செய்யும் சோதனைதான் இந்த வேலை முழுவதற்கும் உயிர்நாடி. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மெதுவாகக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் உடனே நிறுத்துங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். இரண்டு சுற்று முடிந்ததும் இரண்டு குறிகளும் மீண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். வந்த பிறகே டென்ஷனர் போல்ட்டை இறுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்த இடத்தில்தான் வேலை நின்றது. அஸர் முடிந்து வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. மறுநாள் ஒரு வலீமாவுக்குப் போக வேண்டும். எல்லோரும் வண்டியை எதிர்பார்த்து நின்றார்கள். பெல்ட் மாட்டியாயிற்று. "அப்படியே சாவியைப் போட்டுப் பார்த்திரலாம்" என்றார் காக்கா. கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தவள் அவருடைய மகள், பதினோராம் வகுப்பு படிக்கிறவள். போனைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "சாச்சா, மேல உள்ள புள்ளி போட்டோவுல இருக்கிற இடத்துல இல்லையே."

கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தோம். கீழே குறி சரியாக வந்தது. மேலே ஒரு பல் தள்ளி நின்றது. பெல்ட் மாட்டும்போது கேம் சக்கரம் லேசாகத் திரும்பியதை நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு பல் தவறினால் எஞ்சின் இழுக்காது, பெட்ரோல் குடிக்கும், சீராக நிற்காது. பல பற்கள் தவறினால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, அப்போதுதான் பட்டறைக்குக் காசு கொடுத்துச் செய்த வால்வுகள் வளைந்துவிடும். கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு வேலையை நிறுத்தினோம். வலீமாவுக்கு ஆட்டோவில் போனோம். பெல்ட்டை அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில் மறுபடி மாட்டினோம்.

டாப்பெட் செட்டிங்

வால்வின் தலைக்கும் ராக்கருக்கும் இடையே மெல்லிய இடைவெளி வேண்டும். சூடேறும்போது வால்வு நீளும். அதற்கான இடம் அது. இடைவெளி அதிகமானால் 'டக் டக்' என்ற சத்தம் கேட்கும். குறைவானால் சத்தமே வராது, ஆனால் வால்வு முழுதாக மூடாது. எரியும் வாயு அந்த இடுக்கில் பாய்ந்து வால்வின் ஓரத்தைத் தின்றுவிடும். சத்தம் போடும் டாப்பெட்டைவிடச் சத்தமில்லாத டாப்பெட்தான் ஆபத்தானது.

ஒரு சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்போது, அதாவது கேமின் மூக்கு ராக்கரை விட்டு விலகி நிற்கும்போது அளக்க வேண்டும். இந்த எஞ்சினின் எரியும் வரிசை 1-3-2. எனவே முதல் சிலிண்டரை முடித்துவிட்டுக் கிராங்க்கை 240 டிகிரி, அதாவது மூன்றில் இரண்டு சுற்று, திருப்பினால் மூன்றாவது. இன்னொரு 240 டிகிரி திருப்பினால் இரண்டாவது. உள்ளே இழுக்கும் வால்வுக்கும் புகை வெளியேறும் வால்வுக்கும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் சூடாக இருக்கும்போதும் அளவு வேறுபடும். எந்த நிலைக்கான அளவைப் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். ஃபீலர் தகடு லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ சற்றுத் திரும்பும் என்பதால், இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

சாவியைத் தொடும் முன்

மேனிஃபோல்டுகள், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், குழாய்கள், வயர்கள் எல்லாவற்றையும் படத்தைப் பார்த்து மாட்டுங்கள். பிளக் வயர்கள் 1-3-2 வரிசையில் இருக்கட்டும். ஹெட்டிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் வயரை மறந்துவிட வேண்டாம். பெட்ரோல் குழாயின் கிளிப்புகளை இரண்டு முறை பாருங்கள். எஞ்சின் பக்கத்தில் ஒழுகும் பெட்ரோல் வீட்டையே ஆபத்தில் ஆழ்த்தும்.

பழைய ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் கட்டாயம் மாற்றுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நல்ல கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டரைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து, மெதுவாக, காற்றுக் குமிழிகள் வெளியேற நேரம் கொடுத்து ஊற்றுங்கள்.

பிறகு இக்னிஷன் காயிலுக்குக் கரன்ட் வரும் சின்ன வயரைக் கழற்றி வைத்துவிட்டு, பத்துப் பத்து வினாடியாகச் செல்ஃப் அடியுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஆனால் ஆயில் பம்ப் சுற்றி ஆயில் மேலே ஏறும். ஆயில் விளக்கு அணைந்த பிறகு வயரை மாட்டலாம். மூன்று வாரம் உலர்ந்து கிடந்த கேம் ஷாஃப்ட் முதல் நொடியிலேயே ஆயில் இல்லாமல் சுற்றுவதை இது தடுக்கிறது.

முதல் பத்து நிமிடம்

முற்றத்திலோ திறந்த வெளியிலோ மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சின் புகை உயிரைப் பறிக்கும். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். தொங்கும் துப்பட்டாவும் சட்டைக் கையும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

ஸ்டார்ட் ஆன சில வினாடிகளில் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். முதலில் வரும் வெண்புகை சைலன்சரில் தங்கிய ஈரத்தால் வருவது. சூடானதும் நிற்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்து வந்து, தண்ணீரும் குறைந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது என்று பொருள். வெப்ப முள் நடுவைத் தாண்டாமல் இருக்கிறதா, ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றத் தொடங்குகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். முழுதாக ஆறிய பிறகு தண்ணீர் மட்டத்தையும் ஆயில் நிறத்தையும் பாருங்கள். ஹெட் போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டுமா என்பது கேஸ்கட்டின் வகையைப் பொறுத்தது. கையேடு சொன்னால் மட்டும் செய்யுங்கள். முதல் சில நாள்கள் ஊருக்குள்ளேயே ஓட்டி, தினமும் காலையில் இரண்டு மட்டங்களையும் பார்த்த பிறகு வெளியூர் போகலாம்.

வடித்த பழைய கூலன்ட்டை மூடி போட்ட கேனில் எடுத்து வையுங்கள். அது இனிப்பான விஷம். பூனையோ, ஆடோ, பிள்ளைகளோ நக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், அதை வாங்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் வண்டி மூன்றாவது முறை செல்ஃப் அடித்ததும் ஸ்டார்ட் ஆனது. "அல்ஹம்துலில்லாஹ்" என்ற உம்மாவின் குரல் வாசலிலிருந்து கேட்டது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. பானெட் பக்கம் குனிந்து டாப்பெட் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். காக்கா மகள் போனில் இருந்த படங்களை எல்லாம் ஒரு கோப்பில் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த முறை பெல்ட் மாற்றும்போது உதவும் என்கிறாள்.

இந்த வேலையில் மெக்கானிக் கூலி கொஞ்சம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில் தவறினால், இழைத்த கூலி, கேஸ்கட், வால்வு என எல்லாச் செலவும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். எனவே நீங்கள் உங்கள் எஞ்சினைப் பூட்டும் நாளில் யாருக்கும் "நாளைக்கு வண்டி ரெடி" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கையால் இரண்டு சுற்று சுற்றி, இரண்டு புள்ளிகளும் நேராக நின்ற பிறகு சொன்னால் போதும்.